விண்மீனின் வயது: அளந்ததா, கணித்ததா?

விண்நோக்கி:

கெப்ளர்-444 என்ற விண்மீனைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 2015இல் வந்த ஆய்வின்படி அதன் வயது 1120 கோடி ஆண்டுகள், முன்னே பின்னே 100 கோடி. அதைச் சுற்றி ஐந்து கோள்கள், ஐந்துமே வெள்ளியைவிடச் சிறியவை. பால்வீதி இளமையாக இருந்த காலத்திலேயே இப்படிச் சிறு கோள்கள் உருவாகிவிட்டன என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். அந்த வயதை விண்மீனின் அதிர்வுகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கட்டுரை முடிந்துவிட்டது.

எனக்கு அந்த ஒரு வரிதான் வேண்டும். 117 ஒளியாண்டு தொலைவில் வெறும் புள்ளியாகத் தெரியும் ஒன்றின் உள்ளே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? அப்புறம், அந்த வயது உண்மையிலேயே அளந்ததா, அல்லது கணினியில் கட்டிய கோட்பாட்டு மாதிரி (மாடல்) ஒன்று சொன்ன விடையா? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

அதிர்வெண்:

இந்தத் துறையில்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். முதலில் எது அளவீடு என்பதைத் தனியாக எடுத்துவிடுவோம். வயதுக்கு அப்புறம் வரலாம்.

சூரியனைப் போன்ற விண்மீன்களின் வெளிப்புறத்தில் வெப்பச்சலன மண்டலம் ஒன்று உண்டு. சூடான வளிமம் மேலே வரும், ஆறும், கீழே இறங்கும். இந்தக் கொந்தளிப்பு ஓயாமல் ஒலி எழுப்புகிறது. அந்த ஒலியலைகள் உள்ளே போகின்றன. ஆழம் கூடக் கூட வெப்பம் கூடுவதால் ஒலியின் வேகமும் கூடும். சூரியனின் மேற்பரப்பில் நொடிக்கு 8 கிலோமீட்டர் அளவில் இருப்பது, மையத்தில் 500 கிலோமீட்டரை எட்டுகிறது. அதனால் சாய்வாகப் போகும் அலை கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து மறுபடி மேலே திரும்பிவிடும். மேலே வந்ததும் அடர்த்தி சட்டென்று விழும் இடத்தில் எதிரொலித்துத் திரும்ப உள்ளே போகும். இப்படி உள்ளேயே அடைபட்டுச் சுற்றும் அலைகளில் தன்னோடு தானே ஒத்துப்போகும் அதிர்வெண்கள் மட்டும் நிலை அலைகளாக நிற்கும், மற்றவை அழியும்.

பானை வாங்கும்போது தட்டிப் பார்த்து, வரும் ஓசையை வைத்து உள்ளே விரிசல் உண்டா என்று சொல்கிறோம் அல்லவா, அடிப்படை அதுதான். இங்கே தட்டுவது வெப்பச்சலனம். அது எங்கும் எப்போதும் தட்டிக்கொண்டே இருக்கிறது.

அந்த ஓசை நம்மை எட்டாது, ஆனால் அதன் விளைவு எட்டும். மேற்பரப்பு ஏறி இறங்குவதால் நிறமாலைக் கோடுகள் டாப்ளர் விளைவில் அப்படியும் இப்படியும் நகரும். வெப்பநிலை மாறுவதால் வெளிச்சமும் கூடிக் குறையும். சூரியனில் மிக வலுவான ஓர் அதிர்வின் வேகம் நொடிக்கு 20 சென்டிமீட்டர் அளவுதான். வெளிச்ச மாற்றம் பத்து லட்சத்தில் மூன்று, நான்கு பங்கு. இவ்வளவு சிறிய ஒன்றை நீண்ட நாள் விடாமல் அளந்து, எந்தெந்த அதிர்வெண்ணில் ஆற்றல் குவிந்திருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால், சூரியனில் 3100 மைக்ரோஹெர்ட்ஸை ஒட்டி ஒரு மேடு தெரியும். அலைவு காலமாகச் சொன்னால் 5 நிமிடத்துக்குச் சற்று மேல். அந்த மேட்டுக்குள் உற்றுப் பார்த்தால் கூர்மையான உச்சிகள் வரிசையாக நிற்கும்.

அந்த வரிசையைக் கொஞ்சம் பக்கத்தில் வந்து பாருங்கள். சூரியனின் எண்களையே தருகிறேன், எல்லாம் மைக்ரோஹெர்ட்ஸில். 3024.8இல் ஒன்று, 3033.8இல் ஒன்று, 3098.2இல் ஒன்று, 3159.9இல் ஒன்று, 3168.6இல் ஒன்று. இதில் 3033.8, 3168.6 இரண்டும் முழுக் கோளமும் ஒன்றாக உப்பிச் சுருங்கும் அதிர்வுகள். இரண்டுக்கும் இடைவெளி 134.8. இந்தப் பெரிய இடைவெளி வரிசை நெடுகக் கிட்டத்தட்ட 135ஆகவே வரும். ஒலி சூரியனின் ஒரு விளிம்பிலிருந்து மையம் வழியாக மறு விளிம்புக்குப் போக ஆகும் நேரத்தின் தலைகீழ்தான் இது. கணக்குப் போட்டால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அந்த நேரத்தைத் தீர்மானிப்பது விண்மீனின் சராசரி அடர்த்தி. ஆக, உச்சிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை எடுத்தாலே அடர்த்தி கையில் வந்துவிடுகிறது. இதுவரை மாதிரி எதுவும் பெரிதாக நுழையவில்லை.

இப்போது 3024.8ஐயும் 3033.8ஐயும் பாருங்கள். இடைவெளி வெறும் 9. வயதுக்கான சாவி அந்த 9இல்தான் இருக்கிறது. அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.

ரோகிணி_ஆசிரியை:

அதிர்வெண் தம்பி வருவதற்குள் கொஞ்சம் பின்கதை. முப்பது ஆண்டுக்கு மேல் இயற்பியல் நடத்தியவள் என்ற முறையில், இந்தத் துறை பிறந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

1960இல் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ராபர்ட் லைட்டனும் அவரோடு இருந்தவர்களும் சூரிய மேற்பரப்பில் வளிமம் எப்படி நகர்கிறது என்று டாப்ளர் முறையில் படமெடுத்தார்கள். மேற்பரப்பு கிட்டத்தட்ட 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவது அதில் தெரிந்தது. லைட்டன், நாய்ஸ், சைமன் மூவரும் 1962இல் அதை விரிவாக வெளியிட்டார்கள். அப்போது பலரும் இதை மேற்பரப்புக்கு உரிய ஒரு நிகழ்வாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே அடைபட்ட ஒலியலைகள் என்று 1970இல் ரோஜர் உல்ரிச்சும், 1971இல் தனியாக லெய்பாக்கரும் ஸ்டைனும் சொன்னார்கள். உல்ரிச்சின் கணக்குப்படி அலைநீளத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் இடையே தனித்தனி வளைகோடுகள் வர வேண்டும். 1975இல் டாய்ப்னர் அளந்தபோது அதே கோடுகள் வந்தன. கோட்பாடு முதலில், அளவீடு பிறகு. வகுப்பில் அறிவியல் முறை என்று ஒன்றைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்த சிக்கல் இரவு. ஒரே இடத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு நாளும் சூரியன் மறைந்துவிடும். தரவில் 24 மணி நேரத்துக்கு ஒரு ஓட்டை விழும். அந்த ஓட்டை ஒவ்வோர் உச்சிக்கும் இருபுறமும் 11.57 மைக்ரோஹெர்ட்ஸ் தள்ளிப் போலி உச்சிகளை உண்டாக்கும். தம்பி சொன்ன 9ஓடு இது எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள், எது நிஜம், எது போலி என்றே தெரியாது. அதற்காகத்தான் கிரெக், ஃபோசா, பொமெரான்ட்ஸ் மூவரும் தென் துருவத்துக்கே போனார்கள். அங்கே கோடையில் சூரியன் மறையாது. பிறகு 1995இல் காங் வலையமைப்பு வந்தது. உலகைச் சுற்றி ஆறு இடங்களில் ஒரே மாதிரிக் கருவி, உதய்ப்பூரும் அதில் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் சூரியனைப் பார்ப்பதற்கான சோஹோ விண்கலமும் ஏவப்பட்டது.

அதிர்வெண்:

நன்றி அம்மா. தென் துருவத் தரவை வைத்துத்தான் நாங்கள் இன்றும் தினமும் வரையும் படம் பிறந்தது. அதிர்வெண் அச்சைப் பெரிய இடைவெளி நீளத்துக்குத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அப்படி அடுக்கினால் ஒரே வகை அதிர்வுகள் நெட்டுக்குத்தான கோடுகளாக நிற்கும். முதன்முதலாக ஒரு விண்மீனின் தரவை அப்படி அடுக்கி, இரைச்சலுக்கு நடுவே அந்தக் கோடுகள் எழுந்து நிற்பதைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சியை எனக்கு எழுதத் தெரியவில்லை.

சரி, அந்த 9க்கு வருகிறேன். 3033.8 என்பது நேராக மையம் வரை போய்வரும் அலை. 3024.8 வேறு வகை, கோளத்தின் மேற்பரப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து அதிர்வது. அது மையத்தைத் தொடாமல் சற்று வெளியே வளைந்து திரும்பிவிடும். மேல் அடுக்குகளில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பாதையில்தான் போகின்றன, மையத்தருகே மட்டும்தான் வித்தியாசம். ஆகவே இரண்டின் வேறுபாட்டை எடுத்தால் மேலே உள்ள சங்கதிகள் பெரும்பாலும் கழிந்துபோய், மையத்தின் செய்தி மட்டும் மிஞ்சும்.

மையத்தில் என்ன நடக்கிறது? ஹைட்ரஜன் எரிந்து ஹீலியம் ஆகிறது. நான்கு ஹைட்ரஜன் கருக்கள் இருந்த இடத்தில் ஒரு ஹீலியம் கரு. துகள்களின் சராசரி எடை கூடுகிறது, அதனால் மையத்தில் ஒலியின் வேகம் குறைகிறது. வயது ஏற ஏற இந்தச் சிறிய இடைவெளியும் சுருங்குகிறது. இளம் விண்மீனில் பெரிதாக இருக்கும், முதிர்ந்ததில் சிறிதாக இருக்கும். கெப்ளர்-444இலும் இந்த வகைச் செய்தியைத்தான் படித்தார்கள்.

மூலக்கணக்கு:

நான் வானியலாளன் இல்லை, புள்ளியியல் என் தொழில். இதுவரை சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் விண்நோக்கி கேட்டதற்கு இது விடையாகாது.

"சிறிய இடைவெளி இவ்வளவு" என்பது அளவீடு. "ஆகவே வயது 1120 கோடி" என்று போவதற்கு நடுவே ஒரு கோட்பாட்டு மாதிரி முழுதாக உட்கார்ந்திருக்கிறது. அணுக்கரு வினைகளின் வேகம், தொடக்கத்தில் எவ்வளவு ஹீலியம், வெப்பச்சலனத்தை எப்படிக் கையாள்வது, கன தனிமங்களின் (ஹீலியத்தைவிடக் கனமானவை) அளவு, ஒளி ஊடுருவ விடாத தன்மை, இத்தனையும் உள்ளீடுகள். இவற்றில் சிலதைத் தெரியாமல் ஊகித்துத்தான் வைக்கிறார்கள். அந்த 100 கோடி என்ற பிழை வரம்பில் இவை எல்லாம் அடங்கியிருக்கின்றனவா, அல்லது "மாதிரி சரி என்று வைத்துக்கொண்டால்" என்ற நிபந்தனையோடு வரும் பிழையா? இரண்டாவது என்றால், செய்தியில் அப்படியே சொல்ல வேண்டும்.

இன்னொன்று. பெரிய இடைவெளியும் சிறிய இடைவெளியும் சூரியனை ஒட்டியே அளவுகோலாக வைக்கப்படுகின்றன. சூரியனிலிருந்து விலக விலக அந்த அளவுகோல் எவ்வளவு தூரம் நிற்கும்?

சிறுகோள்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 8 அங்குலத் தொலைநோக்கியும் ஒரு கேமராவும் இருக்கின்றன. மாறொளி விண்மீன்களின் வெளிச்சத்தை அளந்து வருகிறேன். இந்த அதிர்வுகளை நானே பிடிக்க வழி உண்டா?

அதிர்வெண்:

சிறுகோள், சூரியன் போன்ற விண்மீன்களில் முடியாது. நல்ல இரவில் உங்கள் அளவீட்டின் துல்லியம் ஆயிரத்தில் சில பங்கு இருக்கும். தேவைப்படுவது பத்து லட்சத்தில் சில பங்கு. வளிமண்டலத்தின் மினுக்கலே அதை முழுங்கிவிடும். விண்வெளிக்குப் போனதே அதற்காகத்தான். ஆனால் டெஸ், கெப்ளர் என்ற விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவுகள் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்திருக்கின்றன, லைட்கர்வ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பு போதும். தொடங்குவதற்குச் செம்பெருமீன்களை, அதாவது முதிர்ந்து ஊதிப்போன விண்மீன்களை, எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் அதிர்வு பல மணி நேரம், சிலவற்றில் நாட்கணக்கு. வீச்சும் பல மடங்கு பெரிது.

மூலக்கணக்குக்கு: நீங்கள் கேட்டது சரியான கேள்வி, மழுப்பாமல் சொல்கிறேன். நம்பிக்கையை மூன்று படியாக வைத்துப் பார்க்க வேண்டும். அடர்த்தி கிட்டத்தட்ட நேரடி அளவீடு. ஆரமும் நிறையும் அதற்கு அடுத்த படி, ஓர் எளிய விதியும் வெப்பநிலையும் தேவை. வயது மூன்றாவது படி, அங்கே மாதிரி இல்லாமல் ஒன்றும் நடக்காது. மூன்றையும் ஒரே குரலில் "அளந்தார்கள்" என்று எழுதுவது தவறு என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்.

ஆனால் இரண்டாம் படி எவ்வளவு உறுதி என்று ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். அன்னம் விண்மீன் குழுவில் 16 சிக்னி என்று ஓர் இரட்டை. ஏ, பி இரண்டுமே சூரியனைப் போன்றவை. கெப்ளர் அவற்றை இரண்டரை ஆண்டு பார்த்தது. ஏ-யின் அதிர்வு மேட்டின் உச்சம் ஏறத்தாழ 2190 மைக்ரோஹெர்ட்ஸ், பெரிய இடைவெளி 103.3, மேற்பரப்பு வெப்பநிலை 5825 கெல்வின். சூரியனுக்கு இவை 3090, 135.1, 5777.

விதி இதுதான்: ஆரம், மேட்டு உச்சத்தின் விகிதத்தைப் பெரிய இடைவெளி விகிதத்தின் வர்க்கத்தால் வகுத்து, வெப்பநிலை விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும். 2190ஐ 3090ஆல் வகுத்தால் 0.709. 103.3ஐ 135.1ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.585. முதலதை இரண்டாவதால் வகுத்தால் 1.21. வெப்பநிலை அதை ஒரு விழுக்காட்டில் பாதிகூடத் தொடாது. ஆரம் சூரியனைப்போல் சுமார் 1.22 மடங்கு.

இப்போது சரிபார்ப்பு. 2013இல் பல தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்த்து, அதிர்வுகளைத் தொடாமல், அந்த விண்மீனின் கோண விட்டத்தை நேரடியாக அளந்தார்கள். தொலைவோடு சேர்த்தால் வந்த ஆரம் 1.22, பிழை 0.02. பி-க்கும் இதே மாதிரி ஒத்துப்போனது. அளந்தது சாரா என்ற கருவித்தொகுதி, அது இருப்பது அம்மா சொன்ன அதே மவுண்ட் வில்சன் மலையில்.

நிறையை இதே எளிய விதியால் எடுத்தால் 1.05 வருகிறது. ஒவ்வோர் அதிர்வெண்ணையும் மாதிரியோடு பொருத்தினால் 1.08. ஆக, சூரியனை அளவுகோலாக வைக்கும் எளிய விதியில் சில விழுக்காடு விலகல் உண்டு, அது எங்களுக்குத் தெரியும், திருத்தங்களும் உண்டு. விண்மீன் சூரியனிலிருந்து விலகும்போது, முக்கியமாகச் செம்பெருமீன்களில், அந்தத் திருத்தம் கட்டாயம்.

விண்நோக்கி:

இந்தக் கணக்கை நானே தாளில் போட்டுப் பார்த்தேன், வருகிறது! பி-க்கும் எண்கள் தர முடியுமா?

அதிர்வெண்:

மேட்டு உச்சம் 2561, பெரிய இடைவெளி 116.9, வெப்பநிலை 5750. நேரடி அளவீட்டில் வந்த ஆரம் 1.12, பிழை 0.02. எவ்வளவு நெருங்குகிறது என்று நீங்களே பாருங்கள்.

விண்நோக்கி:

1.10 வருகிறது. பிழைக்குள் அடங்கிவிட்டது.

மூலக்கணக்கு:

ஆரத்தை ஏற்றுக்கொண்டேன். தனித்த இரண்டு முறைகள் ஒரே விடையைத் தந்தால் அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. வயதுக்கு இதே மாதிரித் தனித்த சாட்சி இருக்கிறதா?

அதிர்வெண்:

இரண்டு இருக்கின்றன.

ஒன்று சூரியன். விண்கற்களின் கதிரியக்கத்தை வைத்துச் சூரியக் குடும்பத்தின் வயது 457 கோடி ஆண்டுகள் என்று தெரியும், அதற்கும் அதிர்வுகளுக்கும் தொடர்பே இல்லை. 2002இல் சூரியனின் சிறிய இடைவெளிகளை மட்டும் வைத்து வயதைத் தேடினார்கள். விடை 457 கோடி, பிழை 11 கோடி.

இரண்டாவது, மறுபடி 16 சிக்னி. ஏ-யும் பி-யும் ஒன்றாகப் பிறந்தவை, ஆகவே ஒரே வயது இருக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாக, ஒன்றுக்கு மற்றது தெரியாதது போல வைத்து மாதிரியோடு பொருத்தினார்கள். இரண்டும் 700 கோடி ஆண்டுகளை ஒட்டி, ஒன்றுக்கொன்று முரண்படாமல் வந்தன.

நீங்கள் சொன்ன ஹீலியம் சிக்கலுக்கும் ஒரு வழி இருக்கிறது. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஹீலியம் அயனியாகும் இடத்தில் ஒலியின் வேகத்தில் ஒரு சிறு மடிப்பு உண்டு. அது அதிர்வெண் வரிசையில் லேசான நெளிவாகத் தெரியும். 16 சிக்னி ஏ-யில் அந்த நெளிவை அளந்து, மேல் அடுக்குகளில் நிறைப்படி ஹீலியத்தின் பங்கு 0.23 முதல் 0.25 வரை என்று சொல்ல முடிந்தது. இந்த விண்மீன்களின் நிறமாலையில் ஹீலியம் நேரடியாகத் தென்படாது என்பதால், வேறெந்த வழியிலும் இது கிடைக்காது.

மூலக்கணக்கு:

சூரியனை வைத்துச் சரிசெய்த மாதிரி சூரியனின் வயதைச் சரியாகச் சொல்வது வலுவான சாட்சி அல்ல. வெப்பச்சலனத்துக்கான அளவுரு சூரியனைப் பார்த்துத்தானே பொருத்தப்படுகிறது? இரட்டை விண்மீன் சாட்சி அதைவிட நல்லது. ஆனால் ஏ-யும் பி-யும் ஏறக்குறைய ஒரே மாதிரி விண்மீன்கள். மாதிரியில் ஒரு பொதுத் தவறு இருந்தால் இரண்டுமே ஒரே பக்கம் சாயும், ஒத்துப்போவது போலவே தோன்றும்.

சூரியனிலேயே மாதிரி தடுக்குகிறது என்று படித்திருக்கிறேன். 2000களின் நடுவில் ஆஸ்ப்லண்டும் அவரோடு இருந்தவர்களும் சூரியனின் ஆக்சிஜன், கார்பன் அளவுகளைப் புதிய முறையில் கணக்கிட்டு, பழைய அளவைவிடக் கணிசமாகக் குறைத்தார்கள். அந்தக் குறைந்த அளவை மாதிரியில் போட்டதும், அதுவரை அழகாகப் பொருந்திய ஒலி வேகம் பொருந்தாமல் போனது. வீட்டு வாசலில் இருக்கும் விண்மீனிலேயே இந்த நிலை என்றால்?

ரோகிணி_ஆசிரியை:

இந்தச் சிக்கலை நான் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அதே சூரியனில் இதற்கு முன்னால் ஒரு பெரிய சண்டை நடந்தது. ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் ரே டேவிஸ் 1960களின் இறுதியிலிருந்து சூரிய நியூட்ரினோக்களை, அதாவது மையத்தின் அணுக்கரு வினைகளில் பிறந்து வெளியேறும் நுண்துகள்களை, எண்ணினார். கிடைத்தது எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான். சூரிய மாதிரி தவறு, மையம் நினைத்ததைவிடக் குளிர்ச்சி என்று பலர் சொன்னார்கள். அப்போதும் வாதம் இதுதான்: மாதிரியை எப்படி நம்புவது?

அதிர்வுகள் வந்து சாட்சி சொன்னது அங்கேதான். 1990களில் சூரியனின் பெரும்பகுதியில் ஒலி வேகத்தை ஆழத்துக்கு ஆழம் கணக்கிட்டார்கள், மாதிரியோடு ஒரு விழுக்காட்டில் சிறு பங்குக்குள் பொருந்தியது. மையம் அவ்வளவு குளிர்ந்திருக்க இடமே இல்லை. சிக்கல் சூரியனில் இல்லை, நியூட்ரினோவில்தான் என்று அதிர்வியல்காரர்கள் உறுதியாக நின்றார்கள். 2001, 2002இல் சட்பரி ஆய்வகம் நியூட்ரினோக்கள் வழியிலேயே வகை மாறுகின்றன என்று காட்டியது. அதிர்வுகள் மாதிரியின் கைப்பாவையாக இருந்திருந்தால் இந்தச் சாட்சிக்கு மதிப்பே இருந்திருக்காது.

அதிர்வெண்:

அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மூலக்கணக்கு காட்டிய பொருத்தமின்மையும் இதே வலிமையின் மறுபக்கம்தான். வெப்பச்சலன மண்டலத்தின் அடி, சூரிய ஆரத்தில் மையத்திலிருந்து 0.713இல் இருக்கிறது என்று 1991இல் கிறிஸ்டன்சன்-டால்ஸ்கார்டும் பிறரும் அளந்தார்கள். பிறகு சர்பாணி பாசுவும் ஆண்டியாவும் மூன்றாம் தசமம் வரை அதை உறுதிசெய்தார்கள். அந்த எண் எந்தத் தனிம அளவுக்கும் வளைந்துகொடுக்கவில்லை. குறைந்த தனிம அளவைப் போட்ட மாதிரிதான் அந்த எண்ணில் முட்டிக்கொண்டது. 2015இல் சாண்டியா ஆய்வகத்தில் இரும்பின் ஒளித்தடையை (நீங்கள் சொன்ன ஒளி ஊடுருவ விடாத தன்மை) சூரிய உள்பகுதியை ஒத்த நிலையில் அளந்தபோது கணக்கிட்டதைவிடக் கூடுதலாக இருந்தது. 2022இல் தனிம அளவை மறுபடி கணக்கிட்ட வேறொரு குழு பழைய உயர்ந்த மதிப்புக்கு அருகே வந்தது. விவாதம் தீரவில்லை, ஆனால் எங்கே தோண்ட வேண்டும் என்று அதிர்வுகள் விரல் நீட்டிவிட்டன.

மாதிரியை அதிர்வுகள் தோற்கடித்த இன்னொரு கதையும் உண்டு, எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. சூரியன் போன்ற விண்மீன் முதிர்ந்து செம்பெருமீன் ஆகும்போது மையம் சுருங்கும், வெளியுறை ஊதிப் பெருக்கும். அந்த நிலையில் மேல் அடுக்கின் ஒலியலைகளும், மையத்தில் மிதப்பு விசையால் எழும் அலைகளும் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. அதனால் மையத்தின் செய்தி மேற்பரப்பு வரை வந்து சேரும். 2011இல் இந்தக் கலப்பு அதிர்வுகள் கெப்ளர் தரவில் கண்டுபிடிக்கப்பட்டன. ஒரே நிறம், ஒரே வெளிச்சம் கொண்ட இரண்டு செம்பெருமீன்களில் எது இன்னும் ஹைட்ரஜனை ஓடு போலச் சுற்றி எரிக்கிறது, எது மையத்தில் ஹீலியத்தை எரிக்கத் தொடங்கிவிட்டது என்று அந்த அதிர்வுகளின் கால இடைவெளி பிரித்துக்காட்டியது. முதல் வகையில் அது 50 நொடியை ஒட்டி வரும், இரண்டாவதில் 100லிருந்து 300 நொடி வரை. வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

அடுத்த ஆண்டு, செம்பெருமீனின் மையம் மேற்பரப்பைவிடக் குறைந்தது பத்து மடங்கு வேகமாகச் சுழல்கிறது என்று காட்டினார்கள். பத்து மடங்கு என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அன்றைய மாதிரிகள் அதைவிடப் பல மடங்கு வேகமான சுழற்சியை எதிர்பார்த்தன. அந்தச் சுழற்சி எங்கே போனது, யார் வெளியே கடத்தினார்கள் என்பது இன்றும் திறந்த கேள்வி. 2022இல் மூன்று செம்பெருமீன்களின் மையத்தருகே காந்தப்புலத்தின் வலிமையை இதே அதிர்வுகளால் அளந்தார்கள், விடைக்கு அது ஒரு தடயமாக இருக்கலாம். எங்கள் ஆய்வுக்குழுவில் பாதிப்பேர் இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சிறுகோள்:

வயதுக்கு வேறொரு வழி உண்டே, சுழற்சி. வயதாக ஆக விண்மீன் மெதுவாகச் சுழலும், கரும்புள்ளிகளைப் பார்த்து அதை அளந்துவிடலாம் என்று படித்திருக்கிறேன். அதையே மூலக்கணக்கு கேட்கும் தனித்த சாட்சியாக வைக்கலாமா?

அதிர்வெண்:

ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் எதிர்மாறாக முடிந்தது. 2016இல் வான் சேடர்ஸும் பிறரும் அதிர்வுகளால் வயது தெரிந்த விண்மீன்களை எடுத்துச் சுழற்சியோடு ஒப்பிட்டார்கள். நடுவயதைத் தாண்டியவை எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுழன்றன. ஏதோ ஒரு கட்டத்துக்குப் பிறகு காந்தப்புலத்தால் வரும் தடை தளர்ந்துபோவது போலத் தெரிகிறது. 2021இல் சுழற்சியையும் அதிர்வுகளிலிருந்தே எடுத்துப் பார்த்தபோதும் அதே முடிவு. அதனால் முதிய விண்மீன்களில் சுழற்சிக் கடிகாரத்தை நம்ப முடியாது.

மூலக்கணக்கு:

இதில்தான் நான் மறுபடி எச்சரிக்கையாகிறேன். அதிர்வு ஒரு வயது சொல்கிறது, சுழற்சி இன்னொன்று சொல்கிறது. உடனே சுழற்சிதான் தவறு என்று முடிவெடுத்தால், அதிர்வு வயதை முன்கூட்டியே சரி என்று வைத்துக்கொண்டதாகாதா?

அதிர்வெண்:

அந்த ஆய்வைப் பொறுத்தவரை நியாயமான கேள்வி. பதில் இது: அந்த முரண் காணாமல்போக வேண்டுமானால், அதிர்வு வயதுகள் ஒன்றிரண்டு விழுக்காடு நகர்ந்தால் போதாது, முதிய விண்மீன்கள் பலவற்றின் வயது பெருமளவு குறைய வேண்டும். சூரியனைவிட முதிர்ந்தது என்று சிறிய இடைவெளி சொல்லும் விண்மீனைச் சூரியனைவிட இளையதாக்க எந்த மாதிரியாலும் முடியவில்லை. அப்புறம், கெப்ளர் மிக நீண்ட காலம் பார்த்த 66 விண்மீன்களைப் பல குழுக்கள், வெவ்வேறு நிரல்களால், வெவ்வேறு இயற்பியல் அனுமானங்களோடு தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். சராசரிப் பிழை ஆரத்தில் 2 விழுக்காடு, நிறையில் 4, வயதில் 10. குழுவுக்குக் குழு வந்த வேறுபாட்டையும் வெளியிட்டார்கள். உங்கள் முதல் கேள்விக்கான விடையும் அங்கேதான் இருக்கிறது. அனுமானங்களை மாற்றிப் போட்டால் வயது எவ்வளவு ஆடுகிறது என்பதை மறைக்காமல் அட்டவணையில் போடுகிறார்கள். செய்தி ஆகும்போதுதான் அந்த அட்டவணை உதிர்ந்துவிடுகிறது.

மூலக்கணக்கு:

அப்படியானால் என் நிலை இது. விண்மீன்களை வயதுவாரியாக வரிசைப்படுத்த இந்த முறையை நம்பலாம், எது மூத்தது எது இளையது என்று. தனி ஒரு விண்மீனின் வயதை ஒற்றை எண்ணாகப் பார்க்கும்போது, பல குழுக்கள் தனித்தனியாகச் செய்திருந்தால் மட்டும் அந்தப் பிழை வரம்பை நம்புவேன்.

அதிர்வெண்:

அதில் எனக்கும் மறுப்பில்லை. கெப்ளர்-444இல் இன்னொரு துணைச் சான்றும் உண்டு: இரும்பு மிகக் குறைவு, பால்வீதியின் பழைய தடித்த தட்டில் உள்ளவற்றைப் போல ஓடுகிறது. முதியது என்பதில் ஐயம் இல்லை. 1020 கோடியா 1220 கோடியா என்பதில்தான் விவாதத்துக்கு இடம்.

ரோகிணி_ஆசிரியை:

ஒரு கேள்வி. புரோசியான் என்ற விண்மீன் என்ன ஆயிற்று? 2004இல் மோஸ்ட் செயற்கைக்கோள் அதில் அதிர்வே இல்லை என்று சொன்னதும் பெரிய சலசலப்பு எழுந்தது நினைவிருக்கிறது.

அதிர்வெண்:

அதிர்வு இருக்கிறது அம்மா. 2007இல் 8 ஆய்வகங்களிலிருந்து 11 தொலைநோக்கிகள் சேர்ந்து மூன்று வாரத்துக்கு மேல் அதன் வேகத்தை அளந்தார்கள், தெளிவாகக் கிடைத்தது. ஆனால் அந்த வெப்பமான விண்மீனில் ஒவ்வோர் அதிர்வும் சீக்கிரம் தணிந்துவிடுகிறது. அதனால் உச்சிகள் அகன்று, எந்த உச்சி எந்த வகை என்று பிரிப்பதே பெரும்பாடு. எங்கள் முறையின் வரம்பு அங்கே தெரியும்.

மறு ஓரம் குளிர்ந்த விண்மீன்கள். அங்கே உச்சிகள் கூர்மை, ஆனால் வீச்சு மிகச் சிறியது. 2024இல் எப்சிலான் இன்டை என்ற விண்மீனில், சிலியில் உள்ள பெரும் தொலைநோக்கியின் எஸ்பிரெஸோ நிறமாலைக் கருவியால் நொடிக்கு 2.6 சென்டிமீட்டர் வேகமுள்ள அதிர்வைப் பிடித்தார்கள். சூரியனில் உள்ளதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. கோள்கள் நிறைய இருக்கக்கூடிய குளிர்ந்த விண்மீன்களின் பக்கம் கதவு திறக்கிறது என்பதால் எங்களுக்கு இது பெரிய செய்தி.

விண்நோக்கி:

கடைசியாக ஒன்று. இனி வரப்போகும் கருவிகளில் வயதுக்காகவே ஏதாவது உண்டா?

அதிர்வெண்:

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் பிளேட்டோ. 26 கேமராக்கள் கொண்டது. சூரியன் போன்ற பிரகாசமான விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடுவதும், அதே தரவிலிருந்து அந்த விண்மீன்களின் அதிர்வுகளை அளந்து வயதைப் பத்து விழுக்காட்டுக்குள் கொண்டுவருவதும் அதன் நோக்கம். கோள் கடக்கும்போது வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்பது கோளுக்கும் விண்மீனுக்கும் உள்ள அளவு விகிதத்தைத்தான் சொல்லும். விண்மீனின் ஆரம் தெரிந்தால்தான் கோளின் ஆரம் தெரியும். அதனால் இரண்டு வேலையையும் பிரிக்க முடியாது.

சிறுகோள், தரவை இறக்கிவிட்டீர்களா? 16 சிக்னியில் தொடங்க வேண்டாம். கெப்ளருக்கு அவை கண்கூசும் அளவு பிரகாசம், உணரியில் வெளிச்சம் வழிந்து நிற்கும், தனியாகக் கையாள வேண்டும். பொலிவுப் பருமன் பன்னிரண்டை ஒட்டிய, அவற்றைவிட மங்கலான ஒரு செம்பெருமீனை எடுங்கள். நீண்டகால மாற்றத்தை வடிகட்டிவிட்டு அதிர்வெண் நிறமாலையை வரைந்தால், பத்துக்கும் இருநூறு மைக்ரோஹெர்ட்ஸுக்கும் நடுவே எங்கோ ஒரு மேடு எழும். அதன் படத்தை இங்கே போடுங்கள், பெரிய இடைவெளியைச் சேர்ந்தே எடுப்போம்.